பார்த்தது, கேட்டது, படித்தது: 6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கியமும் கட்டுரையும் சொல்லிக்கொடுக்கும் முழுமையான வழிகாட்டி

காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று தன் வீட்டைப் பற்றிப் பேசும்போது, “எங்க ஐயா பர்மாவுல இருந்தாகளாம்” என்று சொல்லும். அந்தக் கடைசி ‘ஆம்’ சின்ன விஷயமில்லை. ‘இதை நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன்’ என்ற தெளிவு அதில் இருக்கிறது. அதே பிள்ளை கட்டுரை நோட்டைத் திறந்தால், “நம் முன்னோர்கள் கடல் கடந்து வணிகம் செய்து புகழ் பெற்றனர் என்பது யாவரும் அறிந்ததே” என்று எழுதுகிறது. பேச்சில் இருந்த நேர்மை எழுத்தில் காணாமல் போய்விடுகிறது. கட்டுரை கற்பிப்பது என்பது பெரும்பாலும் அந்த ‘ஆம்’ என்பதை நோட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் வேலைதான்.

கீழே உள்ள திட்டம் ஆறு வாரத்துக்கானது. வாரம் இரண்டு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம், ஆக 12 பாடவேளை. ஜூனில் பள்ளி திறந்து மூன்றாம் வாரத்தில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முடித்துவிடலாம். முதல் வாரம் பார்த்து எழுதுவது, அடுத்த ஒன்றரை வாரம் ஒரே ஒரு பாடல், பிறகு ஒன்றரை வாரம் ஒரே ஒரு பத்தி, ஐந்தாம் வாரம் சான்று சேகரிப்பது, ஆறாம் வாரம் முழுக் கட்டுரை. பாடநூலை ஓரங்கட்ட வேண்டியதில்லை. பாடநூலில் உள்ள செய்யுளுக்கும் இதே படிகள் பொருந்தும்.

முதல் வாரம்: தலைப்பு கொடுக்காதீர்கள், பொருளைக் கொடுங்கள்

‘மழைநீர் சேமிப்பு’ என்று கரும்பலகையில் எழுதிய உடனே வகுப்பில் நாற்பது பேரும் ஒரே கட்டுரையை எழுதுவார்கள். தலைப்பு பழையது. அதற்கான வாக்கியங்களும் மனத்தில் தயாராகக் கிடக்கின்றன. அதனால் முதல் வாரம் தலைப்பே வேண்டாம். கையில் எடுக்கக்கூடிய ஒரு பொருளை மேசைமேல் வையுங்கள். பனையோலைக் கொட்டான் (சிறு கூடை), ஒரு ஆத்தங்குடிப் பூக்கல் (தரையில் பதிக்கும் வண்ணச் சிமெண்டுக் கல்), கண்டாங்கிச் சேலையின் ஒரு துண்டு, ஒரு பித்தளைச் செம்பு, எதுவானாலும் சரி.

முதல் பாடவேளையில் செய்ய வேண்டியது இது. 10 நிமிடம் பொருளைக் கைமாற்றிப் பார்க்கவிடுங்கள். பிறகு 15 நிமிடத்தில் ஒவ்வொருவரும் எட்டு வாக்கியம் எழுத வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: அழகு, அருமை, சிறப்பு, பெருமை என்ற நான்கு சொற்களும் அன்றைக்கு விடுமுறை. கண்ணால் கண்டது, கையால் தொட்டது, மூக்கால் முகர்ந்தது மட்டுமே எழுதலாம். மீதி 15 நிமிடம் வாசித்துக்காட்டுவதற்கு. “கொட்டானின் அடி நாலு மூலை, வாய் வட்டம்” என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் அதுதான் அன்றைய நல்ல வாக்கியம். அதைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

இரண்டாம் பாடவேளை வரிசைக்கானது. பூக்கல் செய்யும் முறையை எழுதச் சொல்லலாம். ஆத்தங்குடி பக்கமே இருப்பதால் பட்டறையை நேரில் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் சிலராவது இருப்பார்கள். முறை இப்படி: கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறைக்குள்ளும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்ததைத் தூவுவார்கள். அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டப்படுத்துவார்கள். பிறகு காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடி கழன்று வரும். மேற்பரப்பின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடி தந்தது.

இது நல்ல பயிற்சியாக இருப்பதற்குக் காரணம், கல்லின் முகம் கீழே இருக்கிறது, முதுகுதான் மேலே. முகத்தை முதலில் செய்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள்: தங்களுக்குத் தெரிந்ததைப் படிப்பவருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்வார்கள். எழுதியதைப் பட்டறையே பார்க்காத இன்னொரு பிள்ளையிடம் கொடுத்து, அவன் படம் வரையட்டும் என்று விடுங்கள். படம் எங்கே தவறுகிறதோ அங்கே ஒரு வாக்கியம் குறைகிறது.

பெரிய வீடுகளைப் பற்றி எழுதச் சொல்லும்போது ஒரு கவனம் வேண்டும். செட்டிநாடு என்றாலே முகப்பும் வளவும் (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) இரண்டாங்கட்டும் என்று நினைத்துக்கொண்டு ‘உன் வீட்டை விவரி’ என்று சொன்னால், வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தலைகுனிவார்கள். அந்த வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து பெருக்கித் துடைப்பவரின் பிள்ளைக்கு வீட்டுக்காரர் பிள்ளையைவிட அந்த வீட்டைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கும். ‘உனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடம்’ என்று சொல்லுங்கள், போதும்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: ஐந்து வரிப் பாடல், மூன்று பாடவேளை

இலக்கியத்தை நிறையக் கொடுப்பதைவிடக் கொஞ்சமாகக் கொடுத்து நெடுநேரம் உட்காரவைப்பது இந்த வயதுக்கு நல்லது. புறநானூற்றின் 112-ஆம் பாடல் இதற்காகவே செய்ததுபோல் இருக்கிறது. பாரி இறந்தபின் அவன் மகளிர், அதாவது மகள்கள், பாடியது. பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படும் பிரான்மலை சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

முதல் பாடவேளையில் பொருள் சொல்லாதீர்கள். நீங்கள் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள், வகுப்பு முழுதும் ஒருமுறை, பிறகு இரண்டு பிள்ளைகள் பாதிப்பாதியாக ஒருமுறை. அடுத்து, தெரியாத சொற்களைக் கேட்காமல் தெரிந்த சொற்களுக்கு அடிக்கோடிடச் சொல்லுங்கள். இந்தச் சின்ன மாற்றம் வகுப்பின் முகத்தையே மாற்றும். குன்று தெரியும், குன்றக்குடி பக்கத்தில் இருக்கிறது. நிலவு தெரியும். முரசு தெரியும்.

தெரிந்ததாக நினைத்துத் தவறும் சொற்கள்தான் ஆபத்தானவை. ‘திங்கள்’ என்றவுடன் திங்கட்கிழமை வந்து நிற்கும், இங்கே அது மாதம். ‘வேந்தர்’ என்றால் காரைக்குடிப் பிள்ளைகளுக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்தான் நினைவுக்கு வருவார், இங்கே முடிசூடிய அரசர். ‘உடையேம்’ என்பதில் உடுப்பைப் பார்ப்பார்கள், அது ‘உடையவர்களாக இருந்தோம்’. ‘அவ்வெண் ணிலவின்’ என்று யாப்புக்காகப் பிரித்து அச்சிட்டிருப்பதால் ‘ணிலவு’ என்று ஒரு சொல் இருப்பதாகவே சிலர் நம்பிவிடுவார்கள். ஆகவே கரும்பலகையில் மேலே மூல வடிவத்தையும், கீழே ‘அந்த வெண்ணிலவில்’ என்று பிரித்த வடிவத்தையும் எழுதிவையுங்கள். மூலத்தை அழித்துவிட்டுப் பிரித்த வடிவத்தை மட்டும் வைத்தால் ஓசை போய்விடும்.

இரண்டாம் பாடவேளை எண்ணுவதற்கு. ஆம், எண்ணுவதற்கு. எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். திங்கள் இரண்டு, நிலவு இரண்டு, எந்தை இரண்டு, குன்று இரண்டு. பிறர் ஒன்று, வேந்தர் ஒன்று, முரசு ஒன்று. அழுகை, துயரம், கண்ணீர்: ஒன்றுகூட இல்லை. ‘இல்லாததையும் எண்ணு’ என்பதுதான் இந்தப் பாடவேளையின் சாரம்.

எண்ணி முடித்தபின் வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கு முதலில் தந்தை, பிறகு குன்று. இன்றைக்கு முதலில் குன்று, கடைசியில் தந்தை. வரிசை திரும்பியிருக்கிறது. அன்றைக்குப் ‘பிறர்’ என்று பெயரில்லாமல் இருந்தவர்கள் இன்றைக்கு முரசோடு ‘வேந்தர்’ ஆகிவிட்டார்கள். இதில் ஒன்றையாவது பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது ஆசிரியருக்குக் கஷ்டம்தான். ஐந்து நிமிட மௌனம் வகுப்பில் ஐம்பது நிமிடமாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பாடவேளையில் நம் உரையாசிரியர்களின் பழைய ஏணியை எடுங்கள். முதலில் பதவுரை, சொல்லுக்குச் சொல் பொருள். அடுத்து பொழிப்புரை, முழுப் பாடலும் மூன்று வாக்கியத்தில். அதற்குமேல் விளக்கவுரை, ‘ஏன் இப்படிச் சொன்னார்’ என்ற கேள்விக்குப் பதில். நோட்ஸ் புத்தகங்கள் முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுவதால் பிள்ளைகளும் அங்கேயே நிற்கிறார்கள். பொழிப்புரையைத் திரும்ப எழுதினால் கட்டுரை ஆகிவிட்டது என்ற நம்பிக்கை அங்கிருந்து வருவதுதான்.

இங்கேயே இன்னொரு கோட்டையும் போட்டுவிடுங்கள்: பாடலுக்குள் இருப்பது எது, வெளியிலிருந்து நமக்குத் தெரிந்தது எது. பாரியின் பெயர் இந்த ஐந்து வரிக்குள் இல்லை. மூவேந்தர் என்ற எண்ணிக்கையும் இல்லை, ‘வேந்தர்’ மட்டுமே இருக்கிறது. அங்கவை, சங்கவை என்ற பெயர்களும் பாடலில் கிடையாது. முல்லைக்குத் தேர் கொடுத்த கதை சிறுபாணாற்றுப்படை போன்ற வேறு நூல்களில் வருகிறது. நோட்டின் பக்கத்தை நடுவில் மடித்து, இடப்பக்கம் ‘பாட்டில் உள்ளது’, வலப்பக்கம் ‘வேறிடத்தில் அறிந்தது’ என்று எழுதச் சொன்னால் போதும். கல்லூரி மாணவர்களும் தடுமாறும் இடம் இது. பதினோரு வயதில் பழகிவிட்டால் பிறகு தொல்லையில்லை.

மூன்றாம், நான்காம் வாரம்: ஒரே ஒரு பத்தி

கட்டுரையைக் கற்பிக்கும் முன் பத்தியைக் கற்பிக்க வேண்டும். பத்தியில் மூன்று பகுதி: கூற்று, சான்று, விளக்கம். கூற்று ஒரு வாக்கியம். சான்று ஒன்றிரண்டு வாக்கியம், பாடலின் சொற்கள் மேற்கோள் குறிக்குள். விளக்கம் இரண்டு அல்லது மூன்று வாக்கியம். மொத்தம் நான்கு முதல் ஆறு வாக்கியம், 40 சொல்லுக்குக் குறையாமல், 80 சொல்லுக்கு மிகாமல்.

கூற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. “இல்லை, எனக்கு அப்படித் தோன்றவில்லை” என்று யாராவது பதில் சொல்ல முடியுமா? முடிந்தால் அது கூற்று. ‘இப்பாடல் புறநானூற்றில் உள்ளது’ என்பதை யாரும் மறுக்க முடியாது, அது தகவல். ‘இப்பாடல் மிக இனிமையானது’ என்பதை மறுக்கலாம், ஆனால் நிறுவ வழியில்லை, அது பாராட்டு. ‘பாரி மகளிர் துயரத்தைச் சொல்லாமலே உணர்த்துகிறார்கள்’ என்பதை மறுக்கவும் முடியும், பாடலைக் காட்டி நிறுவவும் முடியும்.

வகுப்பில் பெரும்பாலானவர்கள் முதலில் எழுதிக்கொண்டுவருவது இப்படி இருக்கும்:

“இப்பாடல் மிகவும் அருமையான பாடலாகும். பாரி மகளிர் தம் நிலையை மிக அழகாகப் பாடியுள்ளனர். அன்று தந்தை இருந்தார், இன்று இல்லை. இதன்மூலம் வாழ்க்கை நிலையில்லாதது என்பதை நாம் அறிந்துகொள்கிறோம். நாமும் இதை உணர்ந்து நடப்போமாக.”

திட்டாதீர்கள். இதில் ஒரு வாக்கியம், மூன்றாவது, பாடலைத் தொட்டிருக்கிறது. அதற்கு வட்டமிட்டு, ‘இதிலிருந்து தொடங்கு’ என்று எழுதிக்கொடுங்கள். இரண்டு சுற்றுத் திருத்தத்துக்குப் பிறகு அதே பிள்ளையால் இந்த உயரத்துக்கு வர முடியும்:

“பாரி மகளிர் தங்கள் துயரத்தை அழுகை என்ற சொல்லே இல்லாமல் சொல்கிறார்கள். முன்பு ‘எந்தையும் உடையேம்’ என்றவர்கள் கடைசியில் ‘எந்தையும் இலமே’ என்கிறார்கள். தந்தை என்ற சொல் அப்படியே இருக்கிறது. ‘உடையேம்’ மட்டும் ‘இலம்’ ஆகிவிட்டது. இரண்டு முறையும் அதே வெண்ணிலவு வருகிறது. வானத்தில் எதுவும் மாறவில்லை, தங்கள் வாழ்க்கையில்தான் எல்லாம் மாறிவிட்டது என்பது இதனால் தெரிகிறது.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து, எது சிறந்தது என்று கேட்காமல், ‘முதல் பத்தியை வேறு எந்தப் பாடலுக்குப் பொருத்தலாம்?’ என்று கேளுங்கள். எதற்கு வேண்டுமானாலும் பொருத்தலாம் என்று பிள்ளைகளே சிரிப்பார்கள். எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி எந்தப் பூட்டையும் சரியாகத் திறப்பதில்லை என்று அப்போது சொல்லிவைக்கலாம்.

விளக்கம்தான் மூன்றிலும் கடினம். சான்றைக் காட்டியவுடன் வேலை முடிந்தது என்று பிள்ளைகள் பேனாவை மூடிவிடுவார்கள். இதற்கு ‘அதனால் என்ன?’ என்ற கேள்வியை விளையாட்டாகப் பழக்கலாம். பக்கத்தில் இருப்பவர் சான்று வாக்கியத்தைப் படித்துவிட்டு ‘அதனால் என்ன?’ என்று இரண்டு முறை கேட்க வேண்டும். எழுதியவர் இரண்டு முறையும் வாயால் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்களை அப்படியே எழுதினால் அதுதான் விளக்கம். மூன்றாம் முறை கேட்டால் தத்துவம் பேச ஆரம்பித்துவிடுவார்கள், இரண்டோடு நிறுத்துங்கள்.

6-ஆம் வகுப்புக்கு இது போதும். 7-ஆம் வகுப்பு இரண்டு பத்தி எழுதலாம். 8-ஆம் வகுப்பு மறுப்பையும் சேர்க்க வேண்டும். நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில் (மதம் என்றால் இங்கே நூலாசிரியர் கொள்ளும் கொள்கை) ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’ என்று ஒன்று உண்டு: அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அதை நீக்குவது. ‘பாரி தேரைக் கொடுத்தது வீண் செலவு என்று ஒருவர் சொல்லலாம். கொடிக்கு ஒரு குச்சி போதும் என்பது உண்மைதான். ஆனால்…’ என்று தொடங்கும் பத்தி அப்படிப்பட்டது.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பட்டிமன்றம் புதிதில்லை. குன்றக்குடி அடிகளார் வளர்த்த கலை, திருவிழா மேடைகளில் கேட்டே வளர்ந்திருப்பார்கள். அதை வகுப்பில் பயன்படுத்தலாம், ஓர் எச்சரிக்கையோடு. மேடையில் கைதட்டல் வாங்குவது குரலும் நகைச்சுவையும். தாளில் அவை இரண்டும் வராது. ஆகவே வகுப்புப் பட்டிமன்றத்தில் விதி ஒன்று: பாடலிலிருந்து ஒரு சொல்லைக் காட்டாமல் எந்த அணியும் புள்ளி பெற முடியாது. முடிந்தவுடன், ஒவ்வொருவரும் தாம் பேசிய அணிக்கு எதிர் அணியின் பக்கம் நின்று ஒரு பத்தி எழுத வேண்டும்.

ஐந்தாம் வாரம்: வீட்டுப் பெரியவர்களிடம் சான்று கேட்பது

இலக்கியப் பத்தி பழகியபின் அதே முறையை ஊருக்குத் திருப்புங்கள். ‘எங்கள் ஊரில் ஒரு பொருள்’ என்பது தலைப்பு. சான்று தரப்போகிறவர் அப்பத்தாவோ, ஆயாவோ, தெருவிலிருக்கும் ஆச்சியோ, கொத்தனார் தாத்தாவோ.

கேள்விதான் எல்லாம். “அப்பத்தா, உங்க காலத்துல வாழ்க்கை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சுப்பா, இப்ப மாதிரியா” என்று ஒரு வரியில் முடிந்துவிடும். “இந்தக் கொட்டான யாரு பின்னுனாக? ஓலை எங்கேர்ந்து வந்துச்சு? இதுல எதைப் போட்டு வச்சீக?” என்று பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் அரை மணி நேரம் பேச்சு வரும். ஐந்து கேள்வி போதும். ஐந்தும் யார், எங்கே, எப்போது, எப்படி, எதற்கு என்று சுருக்கமாகப் பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

பெரியவர் சொன்ன ஒரு வாக்கியத்தையாவது அவர் பேசியபடியே, மாற்றாமல், மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். அடியில் யார், எந்த ஊர், எந்தத் தேதி என்று ஒரு வரி. ‘என் அப்பத்தா, பள்ளத்தூர், நேரில் சொன்னது’ என்று எழுதிப் பக்கத்தில் தேதி போட்டால் இந்த வயதுக்கு அதுவே முழுமையான சான்றுக் குறிப்பு. பெயரை எழுதலாமா என்று அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்று, பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: வீட்டில் யாருக்கு எத்தனை பங்கு, ஏன் பூட்டிக்கிடக்கிறது என்ற பேச்சை எடுக்கக்கூடாது. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருக்கும் ஊரில் அது கட்டுரைக்கான கேள்வி இல்லை.

கொண்டுவந்ததை வகுப்பில் மூன்றாகப் பிரிக்கவேண்டும். சுவர் பளபளப்பாக இருக்கிறது: பார்த்தது. சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்களாம்: கேட்டது. நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் செய்தார்கள்: படித்தது, எந்தப் புத்தகத்தில் என்று சொல்ல முடிந்தால். ஒவ்வொன்றுக்கும் தமிழ் தனித்தனி வினைமுடிவு வைத்திருக்கிறது. பார்த்ததற்கு ‘இருக்கிறது’. பார்த்ததிலிருந்து ஊகித்தால் ‘தெரிகிறது’, ‘எனலாம்’. பலர் சொல்வதற்கு ‘என்பர்’, ‘என்று சொல்கிறார்கள்’. ஒருவர் சொன்னதற்கு ‘என்று அப்பத்தா சொன்னார்’. இந்த ஏணியை வகுப்புச் சுவரில் ஒட்டிவையுங்கள். ‘யாவரும் அறிந்ததே’ என்ற தொடரை அன்றோடு தடைசெய்துவிடலாம். யாவரும் அறிந்ததென்றால் எழுதவேண்டியதே இல்லையே.

போனிலிருந்து பார்த்து எழுதுவதைத் தடுக்க அதட்டல் உதவாது. படிப்பது ஒரு நாள், எழுதுவது மறுநாள், எழுதும்போது கையில் குறிப்புச் சீட்டு மட்டும், அதில் 15 சொல்லுக்குமேல் இருக்கக்கூடாது என்று வைத்தால் பார்த்து எழுத வழியே இல்லாமல் போகும். பார்த்து எழுதிய பத்தியைக் கண்டுபிடிப்பதும் சுலபம்: ‘கட்டமைப்பு’, ‘தனித்துவம்’, ‘பாரம்பரியச் சிறப்புமிக்க’ எல்லாம் திடீரென்று வந்து இறங்கியிருக்கும்.

பேச்சு நடையிலிருந்து எழுத்து நடைக்கு

‘வந்தாக’, ‘சொன்னுச்சு’, ‘இருந்தீக’ என்று எழுதிவிட்டால் தவறு என்று சிவப்பு மையால் வெட்டுவது வழக்கம். வெட்டுவதைவிட மாற்றப் பழக்குவது நல்லது. முதல் வரைவைப் பேசுவதுபோலவே எழுத அனுமதியுங்கள். சிந்தனை தடையில்லாமல் வரும். இரண்டாம் வரைவில் மட்டும் மாற்றம்: ‘அவுக வந்தாக’ என்பது ‘அவர் வந்தார்’, ‘சொன்னுச்சு’ என்பது ‘சொன்னார்’, ‘இருந்தாகளாம்’ என்பது ‘இருந்ததாகச் சொன்னார்’. கடைசி மாற்றத்தில்தான் பிள்ளைகள் ‘இருந்தார்’ என்று எழுதி ‘ஆம்’ என்பதைத் தொலைத்துவிடுவார்கள். பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கோளுக்குள் இருக்கும் அப்பத்தாவின் பேச்சை மட்டும் யாரும் தொடக்கூடாது.

ஒற்றுப் பிழைக்கு நன்னூலின் புணரியல் முழுவதையும் கொண்டுவர வேண்டாம். இந்த வயதில் மூன்று இடம் போதும், அவையே பெரும்பாலான பிழைகளைத் தீர்த்துவிடும்: அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் (அந்தக் குன்று), ‘ஐ’ வேற்றுமைக்குப் பின் (நிலவைப் பார்த்து), ‘கு’ வேற்றுமைக்குப் பின் (எனக்குப் பிடித்தது). இதற்கடுத்து ஒருமை பன்மை: ‘வீடுகள் இருக்கிறது’ என்பதை ‘வீடுகள் இருக்கின்றன’ ஆக்குவது. வாக்கியம் பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் இரண்டாக உடைக்கச் சொல்லுங்கள். ‘மேலும்’ என்று தொடங்கும் வாக்கியம் ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான்.

ஆறாம் வாரம்: முழுக் கட்டுரை

பள்ளிக் கட்டுரைக்கு முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று ஒரு சட்டகம் ஏற்கனவே உண்டு. தேர்வில் அதற்கு மதிப்பெண் இருப்பதால் அதை உடைக்காதீர்கள், உள்ளே நிரப்புவதை மாற்றுங்கள். செட்டிநாட்டு வீட்டை வைத்து விளக்கலாம். முகப்பில் நின்றால் வாசல் வழியே கடைசிக் கட்டுவரை ஒரே நேராகத் தெரியும். முன்னுரையும் அப்படி, கட்டுரை எங்கே போய் முடியும் என்று காட்ட வேண்டும். வளவைச் சுற்றி அறைகள், ஒவ்வோர் அறைக்கும் ஒரு வேலை, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு கூற்று. இந்த ஒப்புமையை இதற்குமேல் இழுக்க வேண்டாம். முடிவுரை அடுப்படி என்று சொல்லப்போனால் பிள்ளைகள் கட்டுரையை விட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்லுங்கள். ‘…பற்றி இக்கட்டுரையில் காண்போம்’ என்ற வாக்கியம் பிறப்பதற்குக் காரணம், என்ன எழுதப்போகிறோம் என்று தெரியாமலேயே முன்னுரையைத் தொடங்குவதுதான். உள்ளே வரும் பத்திகள் எல்லாம் முடிந்தபின் எழுதினால் அது தானாகவே உதிர்ந்துவிடும். முடிவுரையில் ‘வாழ்வோமாக’ வேண்டாம். இன்னும் பதில் கிடைக்காத ஒரு கேள்வியை எழுதி முடிக்கலாம். மொத்த நீளம் 6-ஆம் வகுப்புக்கு 120 சொல், 7-க்கு 180, 8-க்கு 250.

திருத்துவது

நாற்பது நோட்டை ஒரே இரவில் திருத்துவதால்தான் ‘நன்று’, ‘இன்னும் முயற்சி தேவை’ என்ற இரண்டு சொற்களோடு முடிகிறது. தினம் பத்து நோட்டு, நோட்டுக்கு மூன்று நிமிடம், அரை மணி நேரத்தில் முடியும். நான்கு நாளில் வகுப்பு முழுதும் சுற்றிவிடும்.

பிழைகளுக்குப் பெயர் வேண்டும். பெயர்கள் தமிழில் எப்போதோ தயாராகிவிட்டன. நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்கிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் எழுதியது நேற்று மாலை 7-ஆம் வகுப்பு நோட்டைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருக்கும். பாரியில் தொடங்கிப் பள்ளி ஆண்டுவிழாவில் முடிந்தால் ‘மற்றொன்று விரித்தல்’. முதல் பத்தி பத்து வரி, கடைசிப் பத்தி ஒன்றரை வரி என்றால் ‘சென்று தேய்ந்து இறுதல்’. சான்று இல்லாத கூற்று ‘குன்றக் கூறல்’. நடுவில் ஒரு பெருமைச் சொல்லுக்கு நான்கு அடைமொழி ‘மிகைபடக் கூறல்’. 1 முதல் 10 வரை எண் கொடுத்து அட்டையில் எழுதி மாட்டிவிட்டால், ஓரத்தில் எண் மட்டும் போட்டால் போதும். நோட்டுக்கு இரண்டு எண்ணுக்குமேல் போடாதீர்கள். ஐந்து பிழையைக் காட்டினால் பிள்ளை ஒன்றையும் திருத்தாது.

மதிப்பெண் 20 என்றால், கூற்றுக்கு 4, சான்றுக்கு 6, விளக்கத்துக்கு 6, மொழிக்கு 4. எழுத்துப்பிழைக்கு மொழிக்கான நான்குக்குள் மட்டுமே குறைக்க வேண்டும். ல, ள, ழ தடுமாறுகிற பிள்ளைக்கும் கூர்மையான கூற்று வரலாம், அதற்கான மதிப்பெண் அதற்குச் சேர வேண்டும். கையெழுத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இறுதிப் படியை எழுதியபின், சான்று தந்த பெரியவரிடம் பிள்ளை அதை வாசித்துக்காட்ட வேண்டும். “நான் எங்க அப்படிச் சொன்னேன்? அது எங்க ஆத்தா பின்னுனது” என்று அப்பத்தா திருத்தினால், கட்டுரையை அழித்து எழுத வேண்டாம். அடியில் ஒரு கோடு போட்டு, திருத்தத்தையும் அன்றைய தேதியையும் எழுதி நோட்டைக் கொடுத்தால் போதும்.